தங்கக்கா போட்ட இலை

ஜூன் 12, வியாழன்

பள்ளிக்கூடம் திறந்தால் கண்ணாடிக் கடைக்குத் திருவிழா. போர்டு தெரியவில்லை என்று டீச்சர் சொல்லி அனுப்பிய பிள்ளைகளாக வந்து குவிகின்றன. நாள் முழுக்க 'இது தெளிவா, அது தெளிவா' என்று கேட்டுக் கேட்டு வாய் வலிக்கிறது. தெரியாத எழுத்தைத் தெரிந்த மாதிரி அடித்துவிடுவதில் பெரியவர்களுக்குப் பிள்ளைகள் எவ்வளவோ தேவலை. பிடிபட்டால் சிரித்துவிடும். பெரியவர்களுக்குக் கோபம் வரும். கண்ணைச் சோதிக்கிற வேலைக்கு வந்து பத்து வருஷம் ஆகிறது. யார் பார்த்துச் சொல்கிறார்கள், யார் ஊகித்துச் சொல்கிறார்கள் என்று குரலையும் முகத்தையும் வைத்தே கண்டுபிடித்துவிடுவேன்.

கடை மூடும் நேரத்துக்கு பாலகணேஷ், தி. நகர் பாத்திரக்கடையிலிருந்து நேராக வந்தான். லஸ் முனை வரை நடந்தோம். பாதி வழியில் என் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து வாய் வைத்துக் குடித்தான். அம்மா பார்த்திருந்தால் பாட்டிலைப் புளி போட்டுத் தேய்த்திருப்பாள். "அண்ணாந்து குடிக்கத் தெரியாதா?" என்றால், "உன் பாட்டில்தானே" என்கிறான். உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

போகும்போது மெதுவாகக் கேட்டான். கொட்டிவாக்கத்தில் அவன் நண்பன் வீடு சும்மா கிடக்கிறதாம். அடுத்த மாதம் ஒரு சனி, ஞாயிறு போகலாமா என்று. என்னைப் பார்க்காமல் எதிரே வந்த பஸ்ஸைப் பார்த்துக் கேட்டான். நானும் பஸ்ஸைப் பார்த்து, "யோசிச்சு சொல்றேன்" என்றேன்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது. அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

இங்கே ஒரு முறை எழுதிப் பார்க்கிறேன். எழுத வந்தால் வாயிலும் வரும்.

எனக்கு ஹெர்பிஸ் இருக்கிறது. உறவு வழியாக வருகிற நோய். கல்யாணமான இரண்டாம் வருஷம் வந்தது. கட்டிக்கொண்டவன் கொடுத்தது. கேட்டதற்கு, "உனக்கு எங்கேருந்து வந்துச்சோ, யாருக்குத் தெரியும்" என்று என்னையே திருப்பிக் கேட்டான். விவாகரத்தில் 'ஒத்துப்போகவில்லை' என்று எழுதிக்கொண்டோம். அம்மாவுக்கு இன்றுவரை தெரிந்த காரணம் அதுதான்.

அடையாறு டாக்டர் ஹமீதுன்னிசா முதல் நாளே சொல்லிவிட்டார். "முழுசாப் போகாது. எப்பவாவது கொப்புளம் வரும், மாத்திரைக்கு அடங்கிடும். இது இருக்கிற பாதிப் பேருக்கு இருக்கிறதே தெரியாது. தட்டு, டம்ளர், துண்டுன்னு பயப்படாதீங்க, அதுல எல்லாம் ஒட்டாது. ஆனா ஒருத்தரோட சேர்றதுக்கு முன்னாடி சொல்லிடுங்க, தாரணி. அது அவங்க முடிவு பண்ண வேண்டியது."

சொன்னேன். போன வருஷம் திருவான்மியூர்க்காரன் ஒருவனிடம் போனில் சொன்னேன். 'நல்லா இருங்க' என்று ஒரு வரி வந்தது. அப்புறம் அந்த நம்பருக்கு என் அழைப்பு போகவே இல்லை. சரி, போகட்டும். இரண்டு மாதம் கழித்து ஒரு கல்யாண ரிசப்ஷனில் அவனுடைய நண்பனைப் பார்த்தேன். கை நீட்டினேன். அவனும் கையைக் கொண்டுவந்தவன் பாதியில் மடக்கிக் கும்பிட்டான். அது மரியாதையா, அருவருப்பா? கும்பிட்டானா, ஒதுங்கினானா? இன்றைக்கு வரைக்கும் எனக்கு விளங்கவில்லை. அன்றிலிருந்து யார் கும்பிட்டாலும் கையைத்தான் பார்க்கிறேன்.

பாலா அப்படி இல்லை என்று தோன்றுகிறது. அப்படித் தோன்றியதால்தானே போன தடவையும் சொன்னேன்?

ஜூன் 18, புதன்

எங்கே வைத்துச் சொல்வது? ஹோட்டலில் பக்கத்து மேசைக்குக் கேட்கும். நாகேஸ்வர ராவ் பார்க்கில் நடக்கிற மாமாக்களில் பாதிப் பேருக்கு அம்மாவைத் தெரியும். அவன் தங்கியிருக்கும் அக்கா வீடு ஆகாது. எங்கள் வீடு ஆகவே ஆகாது. இத்தனை பெரிய ஊரில் ஒரு உண்மையைச் சொல்ல நாலடி இடம் கிடையாது.

கடையில் என்னோடு வேலை பார்க்கும் ருக்சார், ஃப்ரேம் மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "இன்னா தாரணி, மூஞ்சி ஒரு மாதிரி கீது? பாத்திரக்கடை நைனா எதுனா சொல்ட்டாரா?"

"ஒண்ணுமில்ல, தலைவலி."

"தலவலின்னு சொல்லிக்கினு எனக்கே கண்ணாடி போடுறியா நீ?"

இவளுக்கு ஏதாவது தெரிந்திருக்குமோ?

ஜூன் 21, சனி

சொல்லிவிட்டேன்.

பட்டினப்பாக்கத்தில், மீன் வறுக்கிற கடையில். எண்ணெய்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்பதற்காகத்தான் அங்கே கூட்டிப்போனேன். வஞ்சிரம் இரண்டு துண்டு சொன்னான். கடைக்கார அம்மா, "காரம் தூக்கலா போடவா தம்பி?" என்று கேட்டுவிட்டுத் திரும்பியதும் ஆரம்பித்துவிட்டேன். பெயர் சொன்னேன். யாரிடமிருந்து வந்தது, எப்படிப் பரவும், எப்படிப் பரவாது, எல்லாம். பாடம் ஒப்பிக்கிற மாதிரி. குரல் நடுங்கக்கூடாது என்பதிலேயே கவனமாக இருந்ததில் அவன் முகத்தைப் பார்க்க மறந்துவிட்டேன். பத்து வருஷமாக முகத்தைப் பார்த்தே பிழைக்கிறவள், பார்க்க வேண்டிய நேரத்தில் வாணலியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பாலா, "இப்ப வலிக்குதா?" என்றான்.

"இல்ல."

"மாத்திரை இருக்கா?"

"இருக்கு."

"சரி."

மீன் வந்தது. முள்ளை எடுத்துவிட்டு எனக்கு ஒரு துண்டு நகர்த்தினான். ஒரு கேள்வி இல்லை. ஒரு அதிர்ச்சி இல்லை. இந்த மாதிரி விஷயத்துக்கு யாராவது 'சரி' என்பார்களா? என்னிடம் எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படக்கென்று வாசிக்கிறவர்கள் எல்லாம் முந்தின ஆள் வாசித்ததைக் கேட்டு மனப்பாடம் பண்ணியவர்கள். இவனுக்கு முன்னாலேயே தெரியுமோ? யார் சொல்லியிருப்பார்கள்? திருவான்மியூரா?

ஜூன் 22, ஞாயிறு

பாலாவின் குட்மார்னிங் மெசேஜ் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தது. ஏன்?

ஜூன் 25, புதன்

பார்த்துவிட்டேன். இன்றைக்கு என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன்.

சாயங்காலம் வழக்கம்போல் என் பாட்டிலை எடுத்தான். மூடியைத் திறந்தான். ஒரு நொடி யோசித்தான். தூக்கி, அண்ணாந்து குடித்தான். பழக்கம் இல்லாததால் பாதி சட்டையில் கொட்டியது. சட்டை நனைந்தாலும் பரவாயில்லை, வாய் மட்டும் படக்கூடாது.

ஒண்ணும் கேக்கலை. கேட்டா என்ன சொல்லுவான்? 'நீதானே அண்ணாந்து குடிக்கச் சொன்னே'ம்பான். வக்கீல் மாதிரி பதில் வெச்சிருப்பான்.

டம்ளரில் ஒட்டாது என்று அவனிடம் நானே சொன்னேனே. தலையை ஆட்டினானே. காதுதான் கேட்டிருக்கிறது, மனசு கேட்கவில்லை போலிருக்கிறது.

ஜூன் 29, ஞாயிறு

காரில் இறக்கிவிட வந்தான். நான் கிட்டே போனபோது கன்னத்தைத் திருப்பிக்கொண்டான். "ஜலதோஷம் வர்ற மாதிரி இருக்கு" என்றான். தும்மவே இல்லை.

முன்னதாக நான் வருவதைப் பார்த்ததும் போனை வைத்தான். யார் என்றேன். அக்கா என்றான். அக்கா என்றால் தங்கபுஷ்பம், எல்லோருக்கும் தங்கக்கா. தி. நகரில் பாத்திரக்கடை அவள் கணவர் வெள்ளைத்துரையுடையது. பாலா கல்யாண மண்டபம், ஹோட்டல் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்கிறான். உடன்குடியில் இருக்கிற அப்பா அம்மாவைவிட இவனுக்கு அக்கா சொல்தான் வேதவாக்கு. அவளிடம் இவன் எதையும் மறைத்ததில்லை என்று அவனே பெருமையாகச் சொல்லியிருக்கிறான்.

எதையும் என்றால் எதையும்தானே.

கொட்டிவாக்கம் பேச்சே இல்லை.

ஜூலை 3, வியாழன்

நான் ஒரு சோதனை வைத்தேன். கேவலம்தான், ஆனாலும் வைத்தேன். ரோஸ் மில்க் ஒன்றே ஒன்று வாங்கி, பாதி குடித்துவிட்டு நீட்டினேன்.

"வேணாம், தொண்டை சரியில்லை."

போன வாரம் ஜலதோஷம், இந்த வாரம் தொண்டை. அடுத்த வாரம் என்ன? மேலுதட்டில் ஓரமாகச் சிவந்து தடித்திருந்தது. என்ன அது என்றேன். கையால் மறைத்துக்கொண்டு, "சூடு" என்றான். வேறு எவளையாவது... இல்லை, அப்படியெல்லாம் எழுத வேண்டாம்.

எழுதிவிட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

"அக்கா உன்னைப் பாக்கணுமாம். ஆடி பொறக்கறதுக்குள்ள வீட்டுக்கு வந்து சாப்பிடணுமாம்."

நாலு மாதமாகப் பழகுகிறோம். இத்தனை நாள் இல்லாமல் இப்போது எதற்கு?

"என்னைப் பத்தி என்ன சொல்லியிருக்கே?"

"கண்ணாடிக் கடையில வேலை, அம்மா கூட மயிலாப்பூர்ல இருக்கே, டைவர்ஸ் ஆயிருக்குன்னு சொன்னேன்."

"வேற?"

"வேற என்ன இருக்கு?"

வேற என்ன இருக்கு! அதைச் சொன்ன முகத்தை இந்தத் தடவை நன்றாகப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. அவனாக முடிக்க மனசில்லாமல் அக்காவை வைத்து முடிக்கப் பார்க்கிறானோ? எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு அப்படித்தான் நடந்தது. சாப்பிடக் கூப்பிட்டு, பாயசமும் ஊற்றி, 'உனக்கு நல்ல இடமா அமையும்மா' என்று அனுப்பிவைத்தார்கள்.

ஜூலை 13, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். நாளைக்கு எனக்குச் சாதகமாக மாற்றி எழுதத் தோன்றும்.

பன்னிரண்டு மணி வாக்கில் போனேன். பாத்திரக்கடைக்கு இரண்டு தெரு தள்ளி முதல் மாடி. தங்கக்கா வாசலிலேயே நின்றாள். பட்டு இல்லை, நல்ல பருத்திப் புடவை. "வா தாரணி, வா. வெயில்ல வந்திருக்க. ஃபேனுக்கு அடில உக்காரு." கையைப் பிடிக்கவில்லை. அதையும் பார்த்தேன்.

வெள்ளைத்துரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எவர்சில்வர் தட்டு. "ஞாயித்துக்கிழமை, கடையில கூட்டம் அம்மும், நான் வாரேன்" என்று கை கழுவிவிட்டுப் போய்விட்டார். பிள்ளைகள் டியூஷன். நாங்கள் மூன்று பேர்தான்.

மேசையில் பாலாவுக்குத் தட்டு. தங்கக்காவுக்குத் தட்டு. எனக்கு இலை.

இலை மரியாதை என்று எனக்கும் தெரியும். யாருக்குத்தான் தெரியாது? ஆனால் அது பாத்திரக்கடைக்காரர் வீடு. அலமாரியில், பரணில், சமையல்கட்டு மேடைக்கு அடியில், எங்கே பார்த்தாலும் தட்டு. அத்தனை தட்டு இருக்கிற வீட்டில் எனக்கு ஒரு தட்டு இல்லை. தண்ணீர் டம்ளரைத் தூக்கினேன். அடியில் கடை ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. புத்தம் புதுசு. இதுவரை யாரும் குடிக்காதது. இனிமேலும் யாரும் குடிக்கப்போவதில்லை. இலையைச் சுருட்டிக் குப்பையில் போடலாம். டம்ளரை வேலைக்காரிக்குக் கொடுக்கலாம்.

தங்கக்கா சொதி ஊற்ற வந்தாள். "எங்க ஊரு சொதி. தேங்காப்பால் வாசம் பிடிக்குமா உனக்கு?"

நான் பாலாவைப் பார்த்தேன். "சொல்லிட்டே, இல்ல?"

"என்னது?"

"நடிக்காத. உங்க வீட்ல எனக்கு ஒரு தட்டு இல்லையா? தட்டுல ஒட்டாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! டம்ளர்ல ஒட்டாது. எனக்கு இருக்கறது ஹெர்பிஸ், பாலா. கீழ வர்றது. கூடப் படுத்தாத்தான் வரும். உங்க அக்கா இலையில போட்டுத் தூக்கி எறியணும்னு அவசியமே இல்ல!"

எழுந்து நின்று சொன்னேன். சத்தமாகச் சொன்னேன்.

பாலா முகம் வெளுத்துப்போனது. தங்கக்கா கரண்டியைப் பிடித்தபடியே நின்றாள். ஒரு சொட்டு மேசை விரிப்பில் விழுந்தது. அவள் கண்ணைப் பார்த்தேன். என்னிடம் வருகிறவர்களுக்குக் கடைசி வரியில் ஒன்றுமே தெரியாதபோது இருக்குமே, அந்த விழிப்பு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவளுக்குத் தெரியாது. ஒன்றுமே தெரியாது.

இப்போது தெரியும்.

தங்கக்கா, பாலாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள். "அது திரும்பத் திரும்ப வருமா?"

"வரும்" என்றேன். கணக்குப் போடுகிறாள் என்று நினைத்தேன். தம்பிக்கு ஆகுமா, ஆகாதா என்று.

பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். பாலா படி வரை வந்தான். "நான் ஒரு மனுஷங்கிட்ட சொல்லலை, தாரணி. நீயேதான் சொன்னே." அவ்வளவுதான் சொன்னான்.

ஜூலை 14, திங்கள்

கடைக்குப் போகவில்லை. ஜுரம் என்றேன். அம்மா மிளகு ரசம் வைத்தாள். அவளிடமும் ஒன்றும் சொல்ல முடியாது.

ஜூலை 19, சனி

வருவான் என்று எதிர்பார்க்கவில்லை. கடை வாசலில் நின்றான். சிரிக்கவில்லை. கோயில் குளத்தைச் சுற்றி நடந்தோம். அவன் பேசினான், நான் கேட்டேன்.

நான் மீன்கடையில் சொன்ன மறுநாளே ஒரு டாக்டரைப் போய்ப் பார்த்திருக்கிறான். எனக்காகத் தெரிந்துகொள்ள. அந்த டாக்டர் இவனையே திருப்பிக் கேட்டிருக்கிறார். உதட்டில் கொப்புளம் வந்தது உண்டா என்று. சின்ன வயசிலிருந்தே காய்ச்சல் வந்தால் வரும், வீட்டில் 'சூடு' என்பார்கள், 'பல்லி எச்சம்' என்பார்கள் என்றானாம். அதுவும் இதே குடும்பத்து வைரஸ்தான், அது கிளம்புகிற மாதிரி இருந்தால் யாருக்கும் முத்தம் கொடுக்காதே என்றாராம்.

"உனக்கு இருக்கறது போதாதா? என்னோடதையும் உனக்குக் குடுக்கணுமா? அதான் பாட்டிலைத் தூக்கிக் குடிச்சேன். பாட்டில்ல பெரிசா ஒண்ணும் இல்லைன்னுதான் சொன்னாங்க. எனக்குத்தான் பயம்."

"இதை ஏன் என்கிட்ட சொல்லலை?"

"வெக்கமா இருந்துச்சு. நீ அவ்ளோ பெரிய விஷயத்தைச் சொல்லியிருக்கே, நான் உதட்டுக் கொப்புளத்தை வெச்சுக்கிட்டு... எப்படிச் சொல்றது?"

அப்புறம் இலையைப் பற்றிச் சொன்னான். "முதல் தடவை வர்ற பொண்ணுக்குத் தட்டுல போட்டா எங்க பக்கம் சிரிப்பாங்க. தட்டு வீட்டு ஆளுங்களுக்கு. அக்கா காலையிலயே மார்க்கெட் போய்த் தலைவாழை இலையா பாத்து வாங்கிட்டு வந்தா. டம்ளர் அவளே கடையில பொறுக்கி எடுத்தது. உனக்குன்னு. சொதி எப்ப வைப்போம் தெரியுமா? மறுவீட்டுக்கு."

எனக்கு அழக்கூட வரவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "கேட்டது சரி. ஆனா இத்தனை நாளும் என்னை அப்படித்தானே பாத்திருக்கே" என்றான்.

ஆடித் தள்ளுபடி முடியும்வரை கடையை விட்டு நகர முடியாதாம். அதுவரை பார்க்க வேண்டாம் என்றான். அது ஆடித் தள்ளுபடிக்காகவா, எனக்காகவா என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஜூலை 30, புதன்

"ஆடி சேலுக்குப் போலாம் வா, நைட்டி எல்லாம் சல்லிசா போட்டுக்கினு இருக்கான்" என்று ருக்சார் இழுத்தாள். தி. நகர் பக்கமே வர மாட்டேன் என்றேன். தங்கக்கா இதற்குள் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்? கணவரிடம் சொல்லியிருப்பாள். அவர் கல்லாவில் இருக்கிறவனிடம். பாத்திரக்கடைக்காரர்கள் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று. உடன்குடி வரை போயிருக்கும். பாலாவை நம்பாமல் போனதற்கு எனக்கு இது வேண்டும். ஆனால் அக்காவை எதை வைத்து நம்புவது? தம்பியை எனக்குக் கொடுக்காமல் இருக்க அவளுக்கு நானே காரணம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன், அதுவும் அவள் வீட்டு மேசையில்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மத்தியானம், கடை காலியாக இருக்கிற நேரம். ஆட்டோவில் வந்து இறங்கியது தங்கக்கா. தனியாக.

"கிட்டத்து எழுத்து தெரிய மாட்டேங்கு. கொஞ்சம் பாரு" என்றாள். ருக்சாருக்கு முன்னால் வேறு எதுவும் பேசவில்லை. சண்டைக்கு வந்திருக்கிறாள், தம்பியை விட்டுவிடு என்று சொல்ல வந்திருக்கிறாள் என்றுதான் உள் அறைக்குக் கூட்டிப்போனேன். சோதனை ஃப்ரேமை மூக்கில் மாட்டினேன். விளக்கை அணைத்தேன்.

"கடைசி வரி வாசிங்க அக்கா."

"கதவு சாத்தியிருக்கா?"

"சாத்தியிருக்கு."

வாசிக்கவில்லை. வெளிச்சமாக இருந்த எழுத்துப் பலகையைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

"எனக்கும் அங்கதான் வருது, தாரணி. சின்னவன் பொறந்த பொறவு ஆரம்பிச்சுது. எரியும், ஒண்ணுக்குப் போக முடியாது. பத்து நாள்ல போயிரும், மறுபடி வரும். சூடுன்னு நெனச்சேன். வெந்தயம் ஊற வெச்சுக் குடிச்சேன், எண்ணெ தேச்சுக் குளிச்சேன். யார்ட்ட போய்க் காட்டுவேன்? உங்க அண்ணாச்சிட்ட ஒரு தடவ சொன்னேன். எளநி குடின்னு சொல்லிட்டு அன்னைக்கே சரக்கு எடுக்க மும்பைக்குக் கெளம்பிட்டாவ. அதுக்குப் பொறவு கேக்கல."

நான் லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"நான் என்ன பாவம் செஞ்சேன்னு கோயிலுக்கா அலைஞ்சேன். அன்னைக்கு நீ சாப்பாட்டு மேசையில நின்னு கத்துன பாரு. அப்பத்தான் அதுக்கு ஒரு பேரு இருக்குன்னே எனக்குத் தெரியும். பேரு இருந்தா மருந்து இருக்கும்லா?"

"இருக்கு அக்கா."

"எந்த டாக்டரு? பொம்பள டாக்டரா?"

ஃப்ரேமுக்குள் அவள் கண் நிறைந்து கண்ணாடியில் ஆவி படிந்தது. கழற்றித் துடைத்தேன். எனக்கும் துடைக்க வேண்டியிருந்தது. இவளையா நான்... கரண்டியோட நின்னவளை, கணக்குப் போடுறாள்னு நெனச்சேன். சீ.

போகும்போது கையைப் பிடித்தாள். "தம்பிக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா அத்தான் சட்டையப் பிடிச்சிருவான். கடையும் போவும், குடும்பமும் போவும். எம்மேல சத்தியமா சொல்லாத."

சத்தியம் பண்ணினேன். கிட்டப் பார்வைக்கு உண்மையிலேயே பவர் வந்திருந்தது. ஒரு கண்ணாடிக்கும் எழுதிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 9, சனி

அடையாறு போய்வந்தோம். உள்ளே நானும் வர வேண்டும் என்றாள். டாக்டர் ஹமீதுன்னிசா பார்த்துவிட்டு, பரிசோதனைக்கும் எடுத்துக்கொண்டு, மாத்திரை எழுதினார். "வீட்டுக்காரரும் வரணும்மா" என்றார். தங்கக்கா சிரித்துவிட்டாள். நான் அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டதில்லை, திரும்பக் கேட்கவும் வேண்டாம். "அவுகளுக்குத் தெரியாமலா இருக்கும் டாக்டரம்மா?"

திரும்பும்போது ஆட்டோவில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. பாலா கூப்பிட்டான், நொச்சிக்குப்பம் பக்கம் ரோட்டோரமாக வண்டியை நிறுத்திவிட்டு நின்றோம். உதடு ஆறியிருந்தது. நல்ல செய்திதான் கொண்டுவந்திருந்தான். அக்கா சம்மதம் சொல்லிவிட்டாளாம். உடன்குடிக்கும் அவளே பேசிவிட்டாளாம். 'அந்தப் பொண்ணைத் தவிர வேற யாரும் இந்த வீட்டுக்கு வரக்கூடாது' என்றாளாம்.

சொல்லிவிட்டு என்னையே பார்த்தான்.

"அன்னைக்கு நீ கத்துனதைக் கேட்டவ, எப்படி இப்படி மாறுனா?"

"மனசு மாறியிருக்கும்."

"நம்ம கடைப் பையன் உங்க ரெண்டு பேரையும் அடையாறுல பாத்திருக்கான். ஆட்டோல. அக்காகிட்ட கேட்டா கண்ணாடிங்கறா. கண்ணாடிக் கடை மயிலாப்பூர்ல இருக்கு. அடையாறுல என்ன வேலை?"

"கேக்காத பாலா."

"என்ன சொல்லி அக்காவை மடக்குனே? அழுதியா? ஏதாவது பயமுறுத்துனியா?"

"இல்ல."

"அப்ப என்ன? என்கிட்ட எல்லாத்தையும் சொல்றவ அவ. பத்து நாளா என் முகத்தைப் பாத்துப் பேச மாட்டேங்கறா. நீயும் பாக்க மாட்டேங்கறே. ரெண்டு பேரும் சேர்ந்து என்கிட்ட எதை மறைக்கிறீங்க?"

சொல்லிவிட்டால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்துவிடும். என் மேல் அவனுக்கு இருக்கிற வருத்தமெல்லாம்கூடப் போய்விடும். சாயங்காலத்துக்குள் தி. நகரில் ஒரு கடை இரண்டாகியிருக்கும்.

"உன்னைப் பத்தி இல்ல. நம்மளைப் பத்தியும் இல்ல. அவ்வளவுதான் சொல்ல முடியும்" என்றேன்.

என் கண்ணை, வாயை, கையை ஒவ்வொன்றாகப் பார்த்தான். எங்கே பொய் இருக்கிறது என்று தேடுகிற பார்வை. அப்படிப் பார்ப்பவனுக்கு எதிரே நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. கோபம் வரவில்லை. பாவமாக இருந்தது. வீடு வரை கொண்டுவந்து விட்டான்.

படியேறும்போது தங்கக்கா போன். எரிச்சல் நின்றுவிட்டதாம். நன்றாகத் தூங்குகிறாளாம். "தம்பிட்ட ஒண்ணும் சொல்லலியே?"

"சொல்லலை அக்கா."

நாளைக்கும் கேட்பான். நாளைக்கும் சொல்ல மாட்டேன்.